பணிமனை வீட்டில் எத்தனை பேர்

அன்பு மகளுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, மன்னித்துவிடு. சமையலறை மேசை என் கைக்குக் கிடைப்பதற்கே இவ்வளவு நேரமாகிவிட்டது. உன் அப்பா தோளில் வலி மருந்தைத் தேய்த்துக்கொண்டு இப்போதுதான் படுத்தார், உன் தம்பி வாண்டு ஆடுகிற பல்லை ஆட்டிக்கொண்டே தூங்கிவிட்டான். நாங்கள் மூவரும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆரம்பித்தேன், எழுதிப் பார்த்தால் பாதிதான் உண்மையாக இருக்கிறது. உடம்புக்கு ஒன்றுமில்லை, என் பொறுமைக்குத்தான் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய், அந்த இருமல் விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ “சரிம்மா, சரிம்மா” என்று வரிசையாகச் சரி போட்டு வைத்துவிடுகிறாய், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உன் அப்பா அதெல்லாம் இப்ப எதுக்கு என்று கையை ஆட்டுகிறார். அதனால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இந்த மெயிலில் கொட்டிவிடுகிறேன். கடைசியில் உன்னிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன், நம் வீட்டு விஷயமாக. நேராகக் கடைசிக்கு ஓடிவிடாதே, முதலிலிருந்து படி.

வீட்டுக்காரர் வீட்டை விற்கப்போகிறார் என்று சொன்னேன் அல்லவா, விற்றேவிட்டார். வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறாராம், பள்ளி விடுமுறை முடிவதற்குள் நாம் காலி செய்தாக வேண்டும். நானும் ஏறி இறங்காத வீடில்லை. ஒரு வீட்டில் அடுப்பை எரியவிட்டால் குளியலறைக் கதவு திறக்காது. இன்னொரு வீட்டில் தரகர் பால்கனி பால்கனி என்று கூட்டிப்போய்க் காட்டியது ஏ.சி. பெட்டி வைக்கிற பலகையை. வாடகை எவ்வளவு என்று கேட்டதும் உன் அப்பா அந்தக் கட்டடத்து லிஃப்டைக் குறை சொல்ல ஆரம்பித்துவிடுவார், கயிறு சரியில்லை, கதவு அதிருது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே எப்படி இருப்பது என்று. லிஃப்ட் மெக்கானிக் சொன்னால் தரகரும் வாயை மூடிக்கொள்வார். நமக்குக் கட்டுப்படியாகவில்லை என்ற ஒரு வார்த்தை மட்டும் அந்த மனிதர் வாயிலிருந்து வராது. நமக்கு மிச்சமிருந்த ஒரே வழி, பழைய பஸ் பணிமனை இருந்த இடத்தில் நகராட்சி கட்டியிருக்கிறதே, அந்த அடுக்குமாடிதான். இந்த ஊரில் வேலை பார்த்தும் இந்த ஊரில் குடியிருக்க முடியாதவர்களுக்குக் குறைந்த வாடகையில் என்று சொல்லித்தான் கட்டினார்கள். நாங்கள் எழுதிப் போட்டோம், முதல் பட்டியலிலேயே நம் பெயரும் வந்துவிட்டது. கையில் சாவி வந்தபிறகு உனக்குச் சொல்லலாம் என்றிருந்தேன்.

கட்டி முடித்த பிறகு நகராட்சிக்கு வேறு யோசனை வந்துவிட்டது. பாதிக் கவுன்சிலர்கள் சொன்னபடி வாடகைக்கு விடு என்கிறார்கள், பாதிப் பேர் நல்ல விலைக்கு விற்றுச் சாலை போடலாம் என்கிறார்கள். இரண்டு பக்கமும் சரிபாதியாக முறைத்துக்கொண்டு நிற்கும்போது நம் வார்டு கவுன்சிலர் உடம்பு முடியாமல் விலகிவிட்டார். இடைத்தேர்தல் வந்தது. நம் வார்டில் யார் ஜெயிக்கிறாரோ அவர் கையில்தான் அந்தக் கட்டடத்தின் தலையெழுத்து என்று ஆகிவிட்டது. வாடகைக்கு விடவேண்டும் என்று நின்றவர் உனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த வாத்தியார். மைக்கைக் கையில் கொடுத்தாலும் குளத்தின் அந்தக் கோடியில் முங்கப்போகிற பிள்ளையைக் கூப்பிடுவதுபோலத்தான் பேசுகிறார். விற்கவேண்டும் என்று நின்றவர் யார் என்பதை உட்கார்ந்துகொண்டு படி. உன் அத்தை.

ஆமாம், சொந்த அத்தைதான், உன் அப்பாவின் ஒரே அக்கா. அண்ணிக்குத் திரைச்சீலைக் கடை போதாதென்று சொந்த வீட்டுக்காரர்கள் சங்கத்துக்கும் தலைவி ஆகியிருந்தார், இப்போது அந்தச் சங்கமே அவரைப் பிடித்து நிறுத்திவிட்டது. நூறு ஜன்னல் உள்ள கட்டடம் கடைக்கு எதிரில் வந்து நிற்கிறது, யார் குடிவந்தாலும் திரை போட்டுத்தானே ஆகவேண்டும், அதுகூடத் தோன்றவில்லையா என்று நான் உன் அப்பாவிடம் கேட்டேன். “அக்கா வியாபாரத்தையும் கொள்கையையும் கலக்க மாட்டாங்க” என்றார் பெருமையாக. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சரி, நாம் அந்த வீட்டுக்கு எழுதிப் போட்டிருப்பதையாவது உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள் என்றால், சொல்றேன் சொல்றேன் என்று நாளைக் கடத்தினார். பிறகுதான் தெரிந்தது, நாம் சொந்தமாகவே வாங்கப்போவதாக அவர் ஏற்கெனவே அக்காவிடம் அளந்துவிட்டிருக்கிறார். ரெண்டு மூணு வீடு பிடிச்சிருக்கு அக்கா, எது வாங்கறதுன்னுதான் யோசனை, என்றாராம். அந்த யோசனைக்கு நடுவில்தான் ஏணி போட்டு ஏறி நம் பால்கனியில் அத்தையின் படத்தைக் கட்டினார், கீழே நம் தெருவை நாமே காப்போம் என்று கொட்டை எழுத்தில். காலி செய் என்று நோட்டீஸ் வந்த வீட்டின் பால்கனி! கேட்டால், அக்கா நிக்கறப்ப தம்பி வீட்ல உக்காந்திருந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க என்கிறார். தேர்தல் முடியும்வரை நம் வார்டில் ஒரு லிஃப்டும் நிற்காமல் வேறு பார்த்துக்கொண்டார், அக்காவுக்கு முழங்கால் வலியாம், ஓட்டுக் கேட்க மாடி ஏற முடியாதாம்.

என்னையும் விட்டார்களா? குடும்பமாகப் போனால்தான் மரியாதை என்று அண்ணி கூப்பிட்டார், நானும் நோட்டீஸ் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஏன் போனாய் என்று நீ கேட்பாய். சொல்லவேண்டியதை உன் அப்பாதான் சொல்லவேண்டும், அவர் அக்காவிடம் நான் முந்திக்கொண்டால் அதற்கொரு சண்டை, அதனால்தான் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். ஒரு வீட்டில் ஈரத்தலையோடு வந்த அம்மாள், வீட்டை வித்தா என்ன வாடகைக்கு விட்டா என்ன, குப்பை வண்டி ஏன் வரலை அதைச் சொல்லுங்க முதல்ல என்று பிடித்துக்கொண்டார். இன்னொரு வீட்டில் ஒருவர் அண்ணியைப் பார்த்ததும் கடையிலிருந்துதான் வந்திருக்கிறோம் என்று நினைத்து ஹால் ஜன்னல் அகலம் உயரம் எல்லாம் ஒப்பித்தார், அண்ணியும் பழக்கத்தில் நோட்டீஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். ஓட்டுக் கேட்க மறந்துவிட்டோம் என்பது கீழே இறங்கிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

என் மூக்குக்கண்ணாடிக் கடையிலும் நிம்மதியில்லை. தலையை அசைக்காதீங்க, அளவு எடுக்கணும் என்று சொன்னால் எல்லோரும் வாயை அசைக்கிறார்கள். ஒரு நாள் பட்டுப்போல் பேசுகிற ஒரு அம்மாள், குறைஞ்ச வாடகைன்னா என்ன மாதிரி ஆளுங்க வருவாங்கன்னு யோசிச்சுப் பாருங்க என்றார். உங்கள் காதுக்குப் பின்னால் கம்பியை வளைத்துக்கொண்டிருக்கிற மாதிரி ஆளுங்கதான் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லவில்லை, கம்பியைத்தான் கொஞ்சம் இறுக்கி வளைத்துவிட்டேன். மறுநாள் காதைத் தடவிக்கொண்டே திரும்பி வந்தார், தளர்த்திக் கொடுத்தேன். இவர்களுடைய பேச்சையெல்லாம் கேட்கக் கேட்க எனக்குள் ஏறிக்கொண்டே போயிருக்கிறது போலிருக்கிறது, அது எங்கே போய் வெடித்தது என்பதற்கு வருகிறேன்.

பள்ளிக்கூடச் சாப்பாட்டு ஹாலில் பொதுக்கூட்டம். இரண்டு பேரும் மேடையில், ஊரே கீழே. நான் அண்ணி பக்கத்து வரிசையில் ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு காபி ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அண்ணி நன்றாகத்தான் பேசினார், பொய் சொல்லக்கூடாது, சாலைக் குழி, தண்ணீர்க் குழாய் என்று எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. நடுவில் குரலை உயர்த்தி, “அந்தக் கட்டடத்துல யாரு வந்து உக்காரப்போறாங்கன்னு இங்க யாருக்காவது தெரியுமா? முகம் தெரியாதவங்களை நம்ம தெருவுல கொண்டுவந்து வச்சுட்டு நாம எப்படித் தூங்கறது?” என்று கேட்டார். என் கை அப்படியே நின்றுவிட்டது. நாங்கதான் அண்ணி வரப்போறோம், என்றேன். நான்தான் சொன்னேனா என்று எனக்கே சந்தேகம். மேடையிலிருந்து நீச்சல் வாத்தியார், யாரு பேசறது, கொஞ்சம் சத்தமா என்று கத்த, எனக்கு ரோஷம் வந்து சத்தமாகவே சொன்னேன். என் வீட்டுக்காரர் இந்த ஊர் லிஃப்டையெல்லாம் ஓடவைக்கிறார், இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேர் மூக்கில் இருக்கிற கண்ணாடி நான் மாட்டிவிட்டது, எங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதா, எங்களுக்கு வீடில்லை, வேலைக்கு வெளியூர் போயிருக்கிற பெரியவளையும் சேர்த்து நாங்கள் நாலு பேர், அந்தப் பட்டியலில் இருக்கிறோம், என்று. உன் அப்பா தரையில் எதையோ தேடுபவர்போலக் குனிந்துகொண்டார்.

அண்ணியின் முகம் சுண்டிப்போய்விட்டது. தம்பி வீடு வாங்குகிறான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர் அல்லவா, அத்தனை பேர் முன்னால் அதைத் தாங்க முடியவில்லை. என்ன பேசுகிறோம் என்று தெரியாமலே, “நாலு பேரா? மூணு பேருன்னு சொல்லு. பெரியவ இனிமே இங்க வரப்போறதில்லன்னு என்கிட்ட சொல்லி மூணு மாசம் ஆச்சே” என்றார். சொல்லிவிட்டு வாயில் கையை வைத்துக்கொண்டார். வாடகை, விற்பனை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஹால் முழுவதும் என்னையே பார்த்தது. உனக்குத் தெரியாதா என்று யாரோ கேட்டார்கள். தெரியும் என்றேன். எனக்குத் தெரியாது அம்மா. ஃபிளாஸ்க்கை மூடி வைத்துவிட்டு, காபி ஊற்றாத கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன், அப்புறம் அதையே பிரித்து வைத்தேன். பாவம் நீச்சல் வாத்தியார், அவர்தான் இது குடும்ப விஷயம், அடுத்த கேள்விக்குப் போவோம் என்று மெதுவாகச் சொன்னார். அவரால் மெதுவாகவும் பேச முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வரும்போது உன் அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். உங்களுக்கு இது முன்பே தெரியுமா என்று நான் கேட்க, சத்தியமாத் தெரியாது என்றார், அவர் முகத்தைப் பார்த்தால் நம்பலாம் போலத்தான் இருந்தது. மறுநாளாவது அந்தப் படத்தைப் பால்கனியிலிருந்து கழற்றுவார் என்று பார்த்தேன். காற்றில் ஒரு மூலை அவிழ்ந்திருந்தது, அதை இழுத்துக் கட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். இந்த மனிதரோடு நான் எப்படிக் குடித்தனம் செய்கிறேன் என்று நீ ஒரு தடவை சிரித்துக்கொண்டே கேட்டாய், பதில் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

கடை மூடியதும் ஒரு நாள் அண்ணி தானாகவே நம் வீட்டுக்கு வந்தார். உள்ளே வாங்க என்று நான் சொல்லவில்லை, அவரும் வாசல்படி தாண்டவில்லை. உன் பொண்ணு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா, நேரம் பாத்து நானே சொல்றேன் அத்தைன்னா, நான் என்ன செய்ய, என்றார். பிறகு, நான் மறைச்சது தப்புன்னா நீங்க மறைச்சது என்ன, என் தம்பி குடியிருக்க இடமில்லாம அலையறான்னு நான் ஊர்க்கூட்டத்துலயா தெரிஞ்சுக்கணும் என்று கேட்டார், கேட்கும்போதே கண் கலங்கிவிட்டது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. எங்க மாடி காலியாத்தான் இருக்கு, துணிக்கட்டை எல்லாம் நகர்த்திடறேன், வந்துடுங்க என்றார். அப்படியானால் நீங்கள் பேசுவதை மாற்றிக்கொள்வீர்களா அண்ணி என்றேன். அதெப்படி முடியும், சங்கத்துல என்ன சொல்லுவேன் என்றார். அப்போது பட்டியலில் இருக்கிற மற்றவர்களுக்கும் ஆளுக்கொரு மாடி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் படி இறங்கிப் போய்விட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கியதைப் பார்த்தபோது ஒரு கை கொடுத்திருக்கலாம் என்று தோன்றியது, கொடுக்கவில்லை.

தேர்தலும் வந்தது. எண்ணினார்கள், நீச்சல் வாத்தியார் ஒரு பஸ்ஸில் ஏற்றிவிடக்கூடிய அளவு ஓட்டில்தான் முன்னால். அண்ணி மறுபடி எண்ணு என்றார். மறுபடி எண்ணினார்கள், வித்தியாசம் இன்னும் குறைந்ததே தவிர ஆள் மாறவில்லை. சங்கத்தில் ஒருவர், கூட்டத்தில் உங்கள் தம்பி சம்சாரம் எழுந்திருக்காவிட்டால் ஜெயித்திருப்போம் என்றாராம், அண்ணி அவரை அங்கேயே ஒரு பிடி பிடித்துவிட்டாராம், எங்க வீட்டுப் பொம்பளையைப் பத்தி நீங்க பேசாதீங்க என்று. இதைக் கேட்டு நான் சிரிப்பதா அழுவதா? தம்பியிடம் மட்டும், நீ யாருக்குடா போட்டே என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். அது ரகசிய ஓட்டு அக்கா என்று சொல்லியிருக்கிறார் உன் அப்பா. என்னிடமும் அதையேதான் சொல்கிறார். இந்த வீட்டில் ரகசியத்துக்கு மட்டும் என்றைக்கும் பஞ்சமில்லை. போன வாரம் கவுன்சில் கூடி வாடகைக்கே விடுவது என்று முடிவாகிவிட்டது. அன்று சாயங்காலமே அண்ணி கடைத் தையல்காரர் என் கடைக்கு வந்து நின்றார், தோத்தாலும் பரவாயில்லை, வேற கடையில திரை வாங்கிடாதேன்னு சொல்லச் சொன்னாங்க, எத்தனை ஜன்னல்னு கேட்டாங்க, என்று.

எத்தனை ஜன்னல் என்று எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. இன்று வீடு ஒதுக்குகிற அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நாலு பேருன்னு எழுதியிருக்கீங்க, நிரந்தரமாத் தங்கறவங்க எத்தனை பேருன்னு மட்டும் சொல்லுங்க மேடம் என்றாள். மூன்று பேர் என்றால் இரண்டு அறை, நாலு என்றால் கூடுதலாக ஒரு சின்ன அறை. உன் அப்பா, நாலுன்னே சொல்லு, வந்து எண்ணியா பாக்கப்போறாங்க என்றார். எண்ணத்தான் செய்வார்கள், ஆள் இல்லையென்றால் வேறு வீட்டுக்கு மாற்றிவிடுவார்கள், அது போகட்டும். கிளினிக்கில் இரவு வேலை பார்க்கிற நர்ஸும் அதே பட்டியலில்தான் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளையும் மாமியாரையும் வைத்துக்கொண்டு ஒற்றை அறையில். ஊர் முன்னால் எழுந்து நின்று நியாயம் பேசிவிட்டு, அவளுக்குப் போகவேண்டிய அறையில் நான் உன் பழைய புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டிருக்க முடியாது. அதற்காக மூன்று என்று சொல்லவும் வாய் வரவில்லை. மாதக் கடைசிவரை அவகாசம் கேட்டு வைத்திருக்கிறேன்.

நீ ஏன் அத்தையிடம் சொன்னாய் என்று நான் கேட்கப்போவதில்லை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன், ஆனால் கேட்கத்தான் போகிறேன். ஏன் அத்தையிடம்? நான் அழுவேன் என்றா? அழுதிருப்பேன்தான். அழுதுவிட்டு மறுநாள் கடையைத் திறக்கப் போயிருப்பேன். உன் வயதில் நான் உன்னை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டே கடைசி வருஷப் பரீட்சைக்குப் படித்தவள், ஒரு செய்தியைத் தாங்கமாட்டேன் என்று நீ எப்படி முடிவு செய்தாய்? இந்த மூன்று மாதமும் போனில் உன்னிடம் திரும்பி வந்ததும் அதைச் செய்யலாம் இதைச் செய்யலாம் என்று நான் அடுக்கிக்கொண்டே போனபோது நீ சரிம்மா என்றாயே, அந்தச் சரிதான் எனக்கு ஆறவில்லை. வந்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த இதை எழுதவில்லை. அங்கே வேலை பிடித்திருந்தால், மனிதர்கள் பிடித்திருந்தால், இரு. இரண்டு அறை வீட்டுக்கு நீ வந்தால் ஹாலில் வாண்டு தன் படுக்கையைக் கொடுப்பான், கொடுக்காவிட்டால் நான் கொடுக்கவைப்பேன். அதற்கெல்லாம் நான் பழகிக்கொள்வேன். தெரியாமல் இருப்பதற்குத்தான் என்னால் பழக முடியவில்லை. வருவேன் என்றால் நாலு, இல்லையென்றால் மூன்று. இன்னும் முடிவெடுக்கவில்லை என்றால் அதையும் அப்படியே சொல், அந்தப் பெண்ணிடம் மூன்று என்று சொல்லிவிட்டு மீதியை நாம் அப்புறம் பார்த்துக்கொள்வோம். எனக்கு நல்லது நினைத்து எதையும் மறைக்காதே. ஏற்கெனவே அந்த வேலைக்கு இங்கே ஒருவர் இருக்கிறார், அவர் ஒருவரே போதும்.

வேறென்ன, இருமலை அலட்சியப்படுத்தாதே. ராத்திரி வேலை முடிந்து வரும்போது காதில் பாட்டை மாட்டிக்கொண்டு நடக்காதே. அங்கே புது வீடு பார்க்கிறாய் என்றால், அதையும் அத்தைதான் சொன்னார், ஒப்பந்தத்தை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடு, எப்போது காலி செய்யச் சொல்லலாம் என்று எழுதியிருக்கிற இடத்தை இரண்டு தடவை படி. அப்பா தோள் வலியைப் பற்றி நீ கேட்டால் ஒன்றுமில்லை என்பார், நம்பாதே, ஆனாலும் கேள், சந்தோஷப்படுவார். அத்தையிடம் கோபித்துக்கொள்ளாதே, வாய் தவறியதற்கு அவரும் தூங்காமல்தான் இருக்கிறார். எங்கே இருந்தாலும் நல்ல மனிதர்கள் நடுவில், ஒரு குறையும் இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல் இருக்க வேண்டும் நீ, அதுதான் எங்கள் மூன்று பேருடைய ஆசியும், வாண்டுவுடையதைச் சேர்த்துக்கொண்டால்.

மாதக் கடைசிக்குள் சொல்லவேண்டும், மறந்துவிடாதே. சீக்கிரம் பதில் எழுது, இந்தத் தடவை எனக்கு எழுது.

உன் அம்மா